பெட்டியைத் திறந்த பிறகு

அந்தப் படம் இன்னும் என் கணினியில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை. துகள் மோதலில் பதிவான ஒரே ஒரு நிகழ்வு, எலெக்ட்ரானின் கனத்த உறவான மியூவானின் இரண்டு தடங்கள், அதில் ஒன்று நடுவில் இலேசாக ஒடிந்த மாதிரி. நிஜமாகவே ஒடிந்திருக்கிறதா, பார்த்துப் பார்த்து என் கண்தான் ஒடித்துவிட்டதா என்று இப்போது தெரியவில்லை.

பெட்டியை, அதாவது அதுவரை பார்க்காமல் மூடிவைத்திருந்த தரவைத், திறந்த மறுநாள் எங்கள் குழுவின் மாணவி ஒருவர் மடிக்கணினியோடு என் மேசைக்கு வந்தார். "இது மியூவானாகப் பிறக்கவில்லை. கேயான். பறக்கிற வழியிலேயே சிதைந்து மியூவானாகியிருக்கிறது. எடுத்துவிடலாமா?" கேயான் வேறொரு வகைத் துகள்.

"திறந்தாச்சு. இனி கை வைக்கக் கூடாது" என்றேன். யோசிக்கவே இல்லை.

சரியான பதில்தான். நாங்கள் தேடியது ஓர் அபூர்வச் சிதைவு. பி-எஸ் மீசான் என்ற துகள்களில் 100 கோடிக்கு மூன்று நான்குதான் மியூவான் ஜோடியாகச் சிதையும். அதன் தம்பி பி-ஸீரோவில், கோட்பாட்டின்படி, 1,000 கோடிக்கு ஒன்று. கையில் தேறுவது இவ்வளவு சொற்பம் என்பதால்தான் இந்த மீசான்களின் நிறை விழும் பகுதியை மூடிவைத்துவிட்டு, விதிகளையெல்லாம் முடிவுசெய்த பிறகு திறக்கிறோம். பிடிக்காத நிகழ்வை மட்டும் படம் போட்டுக் குடைந்தால், பிடித்ததை ஏன் குடையவில்லை என்று யாராவது கேட்பார்கள். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். அப்புறம் மெதுவாக, "மார்ச்சிலேயே கேட்டேனே" என்றார்.

கேட்டார்தான். தடம் ஒடிந்திருக்கிறதா என்று பார்க்கும் ஒரு மாறியை (variable), நிகழ்வுகளைத் தேர்ந்தெடுக்கும் விதிகளில் சேர்க்கலாமே என்றார். பி-ஸீரோ கேயானும் பையான் என்ற இன்னொரு துகளுமாகச் சிதைவது, மியூவான் ஜோடியாவதைவிட ஏறக்குறைய 2 லட்சம் மடங்கு அதிகம். இரண்டும் மியூவான் வேஷம் கட்டி வந்தால் நாம் தேடும் இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். நியாயமான யோசனை. மறுபடி சரிபார்க்க மூன்று வாரமாகும், மாநாடு நெருங்குகிறது, வேஷக்காரர்களுக்கான மதிப்பீடு கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

அதுவும் பொய்யில்லை. அப்படி ஒன்றிரண்டு வரும் என்று எழுதியிருந்தோம், வந்தது. அவ்வளவுதான். ஆனால் மார்ச்சில் நேரமில்லை என்ற நான்தான் ஜூனில் விதி பேசினேன். அந்த விதி அன்றைக்கு எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதுதான் உறுத்துகிறது.

செர்ன் ஆய்வகத்தின் எல்ஹெச்சிபி (LHCb) குழு 2021 மார்ச்சில், பி மீசான்களின் எலெக்ட்ரான், மியூவான் சிதைவுகளுக்கு இடையே 3.1 சிக்மா வேறுபாட்டை, அதாவது தற்செயல் என்று எளிதில் தள்ள முடியாத ஒன்றை, அறிவித்தது. எலெக்ட்ரான் என்று எண்ணியவற்றில் சில, வேஷமிட்ட ஹேட்ரான்கள் (கேயான், பையான் போன்றவை). அதைச் சரியாகக் கணக்கிட்டதும் 2022 டிசம்பரில் வேறுபாடு மறைந்துபோனது. அந்த முடிவைப் படித்தபோது எனக்கு அந்த மாணவியின் தலையாட்டல்தான் ஞாபகம் வந்தது. உடனே, அவர்களும் ஒற்றை நிகழ்வைப் பொறுக்கி எறியவில்லையே, ஆய்வையே திரும்பச் செய்தார்கள், ஆகவே நான் சொன்னதுதான் சரி என்று தேற்றிக்கொண்டேன். இந்தச் சமாதானம் எனக்கு எப்போதும் சட்டென்று கிடைத்துவிடுகிறது.

அடுத்த ஆய்வில் அந்த மாறியைச் சேர்த்தோம். பழைய நிகழ்வை அதில் ஓட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். இன்னும் ஓட்டவில்லை.