விண்ணப்பம் வேண்டாம் என்று சொன்னேன்

மாணவர் மன்றங்களுக்கு அங்கீகாரம் கொடுக்கிற பிரிவில் வேலை பார்ப்பவன், படிவத்தோடு வந்த மாணவியிடம் "இதைக் கொடுக்காதேம்மா" என்று சொல்லலாமா? நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். ஆனால் அந்த நல்ல எண்ணமும் என் வசதியும் ஒரே பக்கம் நின்றதுதான் உறுத்துகிறது.

அவர்களுடையது வாசிப்பு வட்டம். சாதி, இடஒதுக்கீடு, தொழிலாளர் சட்டம் என்று ஏதாவது ஒரு கட்டுரையை எடுத்துவைத்துப் பேசுவார்கள். விதிமுறை, பொறுப்பாளர்கள், உறுப்பினர் பட்டியல் எல்லாம் சரியாக இருந்தன. பொறுப்பு ஆசிரியர் கையெழுத்து மட்டும் இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் "அடுத்த செமஸ்டர் பார்க்கலாம்" என்றார்களாம். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அங்கீகாரம் கிடைத்தால் கூட்டம் நடத்த அறை, சுவரொட்டியில் பல்கலைக்கழகப் பெயர், கொஞ்சம் பணம், மன்ற வேலையாக வகுப்புக்கு வராத நேரத்துக்கும் வருகைப்பதிவு தரும் ஓ.டி. எல்லாம் உண்டு. பதிலுக்கு, பேச வருகிறவர் யார் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்; ஒவ்வொரு நோட்டீஸுக்கும் சீல் வாங்க வேண்டும். "மரத்தடியில உட்கார்ந்து பேசுறதை யாரும் கேட்கப் போறதில்லை. நீங்களாப் போய் ஏன் மாட்டிக்கிறீங்க?" என்றேன்.

சென்னை ஐஐடியையும் உதாரணம் காட்டினேன். அங்கே அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் 2014-இல் தொடங்கியது. மறு வருடமே பெயரில்லாத ஒரு புகார்க் கடிதம் மத்திய அமைச்சகத்துக்குப் போனது. 2015 மே மாதம் அங்கீகாரத்தை விலக்கினார்கள். அனுமதியில்லாமல் நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தினார்கள் என்பது நிர்வாகம் சொன்ன காரணம். நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பி, ஜூனில் திரும்பக் கொடுத்தார்கள். அங்கீகாரம் என்றால் இந்தத் தொல்லையும் சேர்ந்துதான் வரும் என்றேன்.

அவள் சொன்னாள்: "ரத்து பண்றதுக்காவது அவங்க கையில ஒண்ணு இருந்துச்சே சார். அதனாலதான் திரும்பக் கேட்க முடிஞ்சுது. எங்களை மரத்தடியில இருந்து எழுப்பிவிட்டா, நாங்க என்னன்னு போய்க் கேட்கிறது?"

அப்படியெல்லாம் எழுப்பமாட்டார்கள் என்றேன். எந்த அதிகாரத்தில் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

சரி, வாங்கி வைத்திருந்தால் மட்டும்? கையெழுத்து இல்லாத படிவம் குழுவுக்கே போகாது. மேசையில் கிடந்து கிடந்து அந்த வருடம் முடிந்திருக்கும். காத்திருக்க வைக்காமல் நேராகச் சொன்னது நியாயம்தானே? ஆனால், 'மறுக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதவேண்டிய சங்கடம் எங்கள் யாருக்கும் வரவில்லை. பதிவேட்டைப் பார்த்தால் இங்கே எந்த மன்றமும் மறுக்கப்பட்டதே இல்லை. அந்தப் பெருமையில் என் பங்கு எவ்வளவு?

யாரும் அவர்களை எழுப்பவில்லை. அந்த செட் படித்து முடித்துப் போனதும் வட்டம் தானாக நின்றுபோனது. அங்கீகாரம் இருந்திருந்தால் அடுத்த செட் பெயரையாவது எடுத்து நடத்தியிருக்குமோ என்னவோ. தொடக்க விழா போட்டோவைத் தவிர வேறெதுவும் இல்லாத மன்றங்களும் எங்கள் பட்டியலில் நிறையவே இருக்கின்றன. அவை வருடாவருடம் தவறாமல் புதுப்பிக்கப்படுகின்றன.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் படிவத்தை வாங்கி, தேதி போட்டு, ஒப்புகைச் சீட்டு கொடுத்துவிடுகிறேன். அப்புறம், மரத்தடி பற்றிய அதே யோசனையையும் சொல்லித்தான் அனுப்புகிறேன்.