சர்ஃப் முதலில், அச்சுப் பெயர்கள் பிறகு

நேற்று மாலை முடிவு வந்தது. கணக்கிட்டு வரைபடம் வரையும் மென்பொருளான மேட்லேப் செய்முறைத் தேர்வில் தேறிவிட்டேன். எம்.எஸ்சி. இயற்பியல் வகுப்பில் செய்முறையில் அரியர் வைத்தவள் நான் ஒருத்திதான். ஆறு மாதமாக வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இன்று காலைதான் அம்மாவிடம் சொன்னேன்.

முதல் முறை வந்த கேள்வி, ஒரு மோல் நல்லியல்பு வாயுவின் அழுத்தம், பருமன், வெப்பநிலைப் பரப்பை வரைவது. புரோகிராம் ஓடியது, பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. பிரிண்ட் அவுட்டில் பார்த்தால் மூன்று அச்சுகளிலும் எண்கள் மட்டும் இருந்தன. பெயரும் இல்லை, அலகும் இல்லை. அச்சுகளுக்குப் பெயர் வைக்கும் எக்ஸ்லேபல், ஒய்லேபல், இசட்லேபல் மூன்றையும் எழுதியிருந்தேன். ஆனால் பரப்பை வரையும் கட்டளையான சர்ஃப் வரிக்கு மேலே எழுதியிருந்தேன்.

இலவசமாகக் கிடைக்கிறதே என்று வீட்டில் க்னூபிளாட் என்ற வரைபட மென்பொருளில் பழகியவள் நான். அங்கே பெயர்களைக் கொடுத்துவிட்டுக் கடைசியில் பரப்பை வரையும் எஸ்பிளாட் கட்டளையைக் கொடுப்பதுதான் வழக்கம். மேட்லேப் இதற்கு நேர் எதிர். இருப்பதை அப்படியே வைத்திருக்கச் சொல்லும் ஹோல்ட் ஆன் கொடுக்காவிட்டால், சர்ஃப் வந்ததும் அச்சுகளைப் புதிதாக அமைத்துவிடும். முன்பு வைத்த பெயர்கள், தலைப்பு எல்லாம் அழிந்துபோகும். எச்சரிக்கைகூட வராது.

அதைவிடப் பெரிய தவறை அடுத்த ஐந்து நிமிடத்தில் செய்தேன். மறுபடி ஓட்டாமல் பேனாவால் தாளிலேயே பெயர்களை எழுதினேன், பருமனையும் வெப்பநிலையையும் இடம் மாற்றி. வைவாவில் புறத்தேர்வாளர் பென்சில் முனையை வைத்து, நான் ‘வெப்பநிலை’ என்று எழுதிய ஓரத்தின் வழியே மெல்ல நகர்த்தினார். “வெப்பநிலை கூடக் கூட அழுத்தம் குறைகிறதாம்மா?” என்றார். பருமன் கூடினால் அழுத்தம் குறையும் என்ற பாய்ல் விதி எனக்குத் தெரியும். தாளில் இருந்ததோ வேறு.

ஆகவே மெஷ்கிரிட் (பருமன், வெப்பநிலைப் புள்ளிகளை அணியாக அடுக்கும் கட்டளை), சூத்திரம், சர்ஃப், அதன் பிறகே மூன்று பெயர்கள் என்ற வரிசையைக் கை பழகும்வரை எழுதிப் பாருங்கள். மற்றதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

- மெஷ்கிரிட் தரும் அணியில் எக்ஸ் மதிப்பு நிரலுக்கு நிரல் மாறும், ஒய் மதிப்பு நிரைக்கு நிரை மாறும். பருமனுக்கு 41 புள்ளி, வெப்பநிலைக்கு 51 புள்ளி என வேறு வேறு எண்ணிக்கை கொடுங்கள். இரண்டும் சமமாக இருந்தால், இடம் மாறிப்போனாலும் பிழை காட்டாது.
- பாஸ்கலில் வரைந்தால் 10-இன் அடுக்கு அச்சின் உச்சியில் சின்னதாக நிற்கும், பிரிண்டில் கண்ணில் படாது. கிலோ பாஸ்கலுக்கு மாற்றி, அலகைப் பெயரோடு எழுதுங்கள்.
- வீட்டில் மேட்லேப் இல்லையா? மேட்லேப் போலவே இயங்கும் ஆக்டேவில் பழகுங்கள். அதுவும் இலவசம்தான், வரிசையும் இதேதான்.

படத்தைச் சுழற்றி அழகான கோணம் தேட வேண்டாம் என்பேன். நண்பர்கள் சிலர் சுழற்றியே நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். எனக்குப் பதற்றம் அதிகம்; இயல்பாக வரும் கோணத்தில் எந்த ஓரம் எந்த அச்சு என்று மனத்தில் பதிந்திருப்பதே எனக்குத் துணை. மிஞ்சும் நேரத்தில் ஒரு புள்ளியைக் கையால் கணக்கிடுங்கள். 300 கெல்வின், 0.0249 கன மீட்டரில் அழுத்தம் ஏறக்குறைய 100 கிலோ பாஸ்கல் வர வேண்டும்.

இந்த முறை, மூலக்கூறுகளின் அளவையும் ஈர்ப்பையும் கணக்கில் எடுக்கும் வான் டெர் வால்ஸ் வாயு வந்தது. பிரிண்ட் கொடுக்கும் முன் திரையில் மூன்று பெயர்களையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தேன். தேர்வாளர் அச்சுகளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மாறுநிலை வெப்பநிலை என்றால் என்ன என்று கேட்டார்.