ஜெயிலுக்குள்ள போன நாடகம்

கமாரா பெல்-வைக்ஸ்னு ஒரு ஆஸ்திரேலியப் பூர்வகுடி நாடகாசிரியர், ஜாகெரா, புட்சுலாங்கற பூர்வகுடி இனங்களோட வம்சம். இவங்க எழுதின சாப்ட் லிவர்னு (Chopped Liver) ஒரு நாடகத்த மெல்பர்ன்ல இருக்கற இல்பிஜெரி நாடகக் குழு 2006 வாக்குல எடுத்துக்கிட்டு விக்டோரியா மாநிலம் பூரா சுத்துனாங்க, தியேட்டர்ல இல்ல, ஜெயில்ல, கிராமத்து ஹால்ல, ஹெல்த் சென்டர்ல. விஷயம் ஹெபடைடிஸ் சி, லிவர அரிக்கற ஒரு வைரஸ் நோய்.

விழிப்புணர்வு நாடகம்னாலே எனக்கு ஓடிரலாம்னு இருக்கும். வெள்ளக் கோட்டு மாட்டுன ஒருத்தர் வருவார், அஞ்சு நிமிஷம் அட்வைஸ், முடிஞ்சுது. ஆனா இந்த நோயில அட்வைஸ் எடுபடாது, ஏன்னா பரவுறது ரத்தம் வழியா, போதை ஊசிய மாத்தி மாத்தி போட்டுக்கறது, ஜெயிலுக்குள்ள ஒரே ஊசியில ஒருத்தருக்கு அப்புறம் ஒருத்தர் பச்ச குத்திக்கறது இப்படி. இத டாக்டர்கிட்ட யார் வாய விட்டு சொல்லுவா? ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சா வராதுன்னு தெரியாம வீட்டுலயே ஆள ஒதுக்கி வெப்பாங்க, லிவர் வீணாப் போறது வெளிய தெரியவே இருவது வருஷம்கூட ஆகலாம், அதுவரைக்கும் வெக்கப்பட்டுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். தன்ன மாதிரியே பேசற ஒரு ஆள மேடையில பாத்து சிரிச்சுட்டாத்தான் அந்த வெக்கம் கொஞ்சமாவது எறங்கும்.

இதே வரிசையில இளவட்டங்களுக்காக பாடி ஆர்மர், நார்த் வெஸ்ட் ஆஃப் நோவேர்னு இன்னும் ரெண்டு எழுதுனாங்க, அப்புறம் அதே குழுவுல கல்விப் பொறுப்பையும் பாத்தாங்க. இல்பிஜெரிக்கு ஸ்கூல் ஒண்ணும் புதுசு இல்ல, அவங்க கேட்டு ஜேன் ஹாரிசன் எழுதுன ஸ்டோலன், அரசாங்கம் பூர்வகுடிக் குடும்பத்துலேர்ந்து பிடுங்கிட்டுப் போன பிள்ளைங்க கதை, 1998-ல மேடையேறி பாடமாவே ஆயிடுச்சு.

நாடகம், ஹெல்த், கல்வின்னு மூணையும் தனித்தனியா பிரிச்சு, ஹெல்த் நாடகத்த மட்டும் ஏதோ சைடு வேல மாதிரி பேசறவங்கள பாத்தா எரிச்சலா வரும். டிக்கெட் வாங்கிட்டு வந்தவன் மரியாதைக்காவது உக்காந்திருப்பான். ஜெயில்ல, "எவன்டா இவன், பாடம் எடுக்க வந்துட்டான்"னு உக்காந்திருக்கறவன இழுத்துப் புடிக்கறதுதான்யா கஷ்டமான எழுத்து.

இன்னொரு சிக்கல், இந்த மாதிரி நாடகத்துக்கு எக்ஸ்பைரி டேட் உண்டு. அப்பல்லாம் வைத்தியம்னா இன்டர்ஃபெரான் ஊசி, ஒரு வருஷம் வரைக்கும் இழுக்கும், காய்ச்சல், மனச்சோர்வுன்னு ஆள உலுக்கி எடுத்துரும், அதுக்கே பயந்து பாதி பேர் பக்கத்துல போக மாட்டாங்க. 2016 மார்ச்லேர்ந்து அங்க புது மாத்திரை அரசு மானியத்துல கிடைக்குது, ரெண்டு மூணு மாசம் முழுங்குனா பெரும்பாலானவங்களுக்கு சரியாயிடுது. அதனால அந்தப் பழைய ஸ்கிரிப்ட்ட அப்படியே திரும்பப் போட முடியாது, யாராவது புதுசா உக்காந்து எழுதணும்.