பச்சை முசுறும் சிவப்பு முசுறும் ஒன்றா?

கல்லூரியில் படித்தபோது முசுறு என்ற மரத்து எறும்பைப் பிடிக்கப் போய் உடம்பெல்லாம் கடி வாங்கியிருக்கிறேன். கடித்துவிட்டுச் சும்மா போகாது, கடிவாயில் அமிலத்தையும் பீய்ச்சும். அவ்வளவு பாடுபட்டுப் பிடித்ததையெல்லாம் ஃபார்மலினில் போட்டுவைத்தேன். உருவம் கெடாமல் இருந்தது. டிஎன்ஏதான் தேறவில்லை. ஃபார்மலின் அதைப் புரதங்களோடு பிணைத்துவிடும், எத்தனாலில் போட்டிருக்க வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அந்தக் குப்பிகளில் எல்லாம் ஒரே பெயர்: ஈகோஃபில்லா ஸ்மராக்டினா. சங்கப் பாட்டில் வரும் முயிறு இதுதான். தன் புழுக்கள் சுரக்கும் பட்டு இழையால் இலைகளை ஒட்டி மரத்தில் கூடு கட்டும். இந்தப் பேரினத்தில் இன்று வாழ்பவை இரண்டே இனங்கள். ஆப்பிரிக்காவில் லாஞ்சினோடா, இந்தியா முதல் ஆஸ்திரேலியா வரை ஸ்மராக்டினா.

ஸ்மராக்டினா என்றால் மரகதம் போன்றது. செம்பழுப்பு எறும்புக்கு மரகதம் எதற்கு என்று குழம்பியிருந்தேன். ராணியைப் பார்த்ததும் தெளிந்தது, அது பச்சை. ஆஸ்திரேலியாவில் வேலைக்கார எறும்புகளுக்கே வயிறு பச்சை. அதன் படத்தை முதலில் பார்த்தபோது இது வேறு இனம் என்று அடித்துச் சொன்னேன். 1775இல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸும் அந்தப் பச்சை முசுறுக்கு விரெசென்ஸ் என்று தனிப் பெயர்தான் வைத்தார். பின்னால் வந்தவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

2000க்குப் பிறகு ஜப்பானிய ஆய்வாளர்கள் பல நாட்டு முசுறுகளின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை, அதாவது செல்லில் உட்கருவுக்கு வெளியே இருக்கும் டிஎன்ஏவை, ஒப்பிட்டார்கள். ஏழு குழுக்கள் தெரிந்தன. மலேசியா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே குழு. பனியுகத்தில் கடல் வற்றியபோது அவை ஒரே நிலப்பரப்பாக இருந்தன, அதனால் அதில் வியப்பில்லை. ஆசிய விலங்குகளின் கிழக்கு எல்லையாக வரையப்படும் வாலஸ் கோட்டைத் தாண்டிக் கிழக்கே போனால் கதையே வேறு: ஃபுளோரஸ், சுலவேசி, ஹல்மஹேரா என்ற இந்தோனேசியத் தீவுகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குழு. நியூகினியும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து ஒன்று.

சரி, ஏழு குழு என்றால் ஏழு இனமா? நான் அவசரப்பட மாட்டேன். மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவது. ராணிகள் கடல் தாண்டாமல் ஆண்கள் மட்டும் தாண்டியிருந்தால் அதில் தடயமே இருக்காது. போதாததற்கு, பூச்சிகளில் தாய்வழியே பரவும் வொல்பாக்கியா என்ற பாக்டீரியா, தன்னோடு சேர்த்து ஒரு மைட்டோகாண்ட்ரியா வகையையும் கூட்டம் முழுக்கப் பரப்பிவிடும். முசுறுகளிலும் அது இருக்கிறது. உட்கரு டிஎன்ஏவும் அதே பிரிவைக் காட்டினால் ஒத்துக்கொள்கிறேன்.

என் கண் வங்காளத்தின் மேல்தான். மற்ற இந்திய முசுறுகள் ஒரு குழு, மேற்கு வங்க முசுறுகளோ தென்கிழக்காசியக் குழுவில் சேர்ந்தவை. நிறத்தைப் பார்த்தால் இரண்டும் சிவப்புதான். இரண்டும் நெருங்கும் இடத்தில் கலக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்த முறை எத்தனால் குப்பிகளோடு, கால்சட்டை முனையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு.