ஆராதனைக் குழுவுக்கு இணையத்தில் இசை தேடும்போது

எங்கள் சபையின் பாடகர் குழு சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்குப் பயிற்சிக்குக் கூடும். மயிலாடுதுறையிலிருந்து பொறையாறு செல்லும் சாலையை ஒட்டிய சிறிய சபை. குழுவில் 11 பேர், ஒரு கீபோர்டு, ஒரு கிட்டார், ஒரு தபேலா. ஞாயிறு ஆராதனைக்கான பாடல் எண்களைப் போதகர் வெள்ளிக்கிழமை இரவே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். மறுநாள் மாலை நாங்கள் அமரும்போது ஒவ்வொருவரும் ஏதோ ஒரு யூடியூப் பதிவைக் கேட்டுவிட்டு வந்திருப்பார்கள். ஒரே கீர்த்தனை நான்கு பேரிடம் நான்கு விதமாக இருக்கும். அனுபல்லவி ஒருவருக்கு மேலே ஏறும், இன்னொருவருக்கு இருந்த இடத்திலேயே நிற்கும். எந்தப் பதிவு சரி என்ற பேச்சிலேயே முதல் அரைமணி நேரம் கழிந்துவிடும். இப்படிப் பல மாதங்களை இழந்த பிறகுதான், இணையத்தில் தேடுவதற்கு முன் அந்தப் பாடலின் முகவரி நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது புரிந்தது. எங்களைப் போன்ற சிறிய சபைகளில் குழுவை நடத்துகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று, கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முகவரி என்று நான் சொல்வது பாடலின் முதல் வரியை அன்று. மேனாட்டு மெட்டில் பாடும் பாமாலைக்கு அது மெட்டின் பெயரும், ஒவ்வோர் அடியிலும் எத்தனை அசைகள் என்ற எண்ணிக்கையும்; நம் கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனைக்கு அது இராகமும் தாளமும்.

பாமாலையில் தொடங்குகிறேன். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்து இறங்கிய பிறகு, இந்தக் கடற்கரைக்கு ஜெர்மானிய மெட்டுகள் வந்து சேர்ந்தன. சொல் தமிழாகவும் மெட்டு அயலூராகவும் அமைந்த அந்தப் பாடல்களை நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டே பாடி வருகிறோம். எங்கள் சபை அலமாரியில் அட்டை கிழிந்த பழைய பாட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பாடலின் தலைப்பருகே, எனக்கு முன் குழுவை நடத்தியவர் பென்சிலால் ‘நூன் டாங்கெட்’ என்று எழுதி வைத்திருந்தார். எங்களில் யாருக்கும் அதன் பொருள் தெரியவில்லை. ஒருநாள் அந்த இரண்டு சொற்களையும் ஆங்கில எழுத்துகளில், ஹிம்னரி என்ற கிறிஸ்தவப் பாடல் தளத்தில் இட்டுப் பார்த்தேன். யோஹான் க்ரூகர் அமைத்த மெட்டு, ஆண்டு 1647, அடிகளின் அசை எண்ணிக்கை 6.7.6.7.6.6.6.6 என்று உடனே வந்தது. நான்கு குரல்களுக்கான இசைக்குறிப்பும், கேட்டுப் பார்க்க ஒலிக்கோப்பும் கூடவே கிடைத்தன. தமிழ்ப் பாடலின் அசைகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம், கச்சிதமாகப் பொருந்தின. அதுவரை எங்கள் பேஸ் (கீழ்க்குரல்) குரல்காரர்கள் மூவரும் அதே மெட்டைக் கீழ் ஸ்தாயியில் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்த மாதக் கடைசி ஞாயிறன்று அவர்கள் தங்களுக்குரிய வரியைப் பாடியபோது, பின்வரிசையில் இருந்தவர்கள் புத்தகத்திலிருந்து தலைநிமிர்ந்து பார்த்ததை நான் மறக்கமாட்டேன்.

ஹிம்னரி தளம் அமெரிக்காவின் கால்வின் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. அதில் மெட்டின் பெயரை வைத்துத் தேடலாம். பெயர் தெரியாவிட்டால் அடிகளின் அசை எண்ணிக்கையை வைத்தும் தேடலாம். 8.8.8.8 என்று இட்டால், 1551-ல் ஜெனீவாவில் வெளிவந்த ‘ஓல்ட் ஹன்ட்ரட்த்’ முதற்கொண்டு அந்த அளவுக்குப் பொருந்தும் மெட்டுகள் வரிசையாக வரும். பாடல் நன்றாக இருந்து மெட்டு மறந்துபோயிருந்தால், அதே அளவுள்ள வேறொரு மெட்டில் அதை மீட்டுவிடலாம். ஆனால் எண்ணிக்கை பொருந்துவது மட்டும் போதாது. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றிவிடும். நீண்ட ஸ்வரத்தின் மேல் குறில் விழுந்தால் ‘வரம்’ என்ற சொல் ‘வாரம்’ ஆகிவிடும், ‘பலம்’ ‘பாலம்’ ஆகிவிடும். எனவே மெட்டைத் தேர்ந்த பிறகு எல்லாச் சரணங்களையும் வாய்விட்டுப் பாடிப் பார்த்தே முடிவு செய்கிறோம். முதல் சரணத்துக்கு இனிதாக அமைந்த மெட்டு மூன்றாம் சரணத்தில் சொல்லைக் கெடுத்த அனுபவம் எங்களுக்கு உண்டு.

கிறிஸ்துமஸுக்கும் உயிர்த்தெழுதல் பண்டிகைக்கும் பெரிய பாடல்கள் வேண்டுமென்றால் இரண்டு தளங்கள் உதவும். ஒன்று, 1998-ல் தொடங்கப்பட்ட சி.பி.டி.எல். என்ற கூட்டுப்பாடல் நூலகம். மற்றொன்று 2006-ல் தொடங்கப்பட்ட ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இசைக்குறிப்பு நூலகம். காப்புரிமைக் காலம் முடிந்த இசைக்குறிப்புகள் அவற்றில் ஏராளம். எங்கள் குழுவில் ஐந்துகோட்டு இசைக்குறிப்பைப் பார்த்துப் பாடத் தெரிந்தவர்கள் இருவர்தான் என்பதால், மியூஸ்ஸ்கோர் மென்பொருளில் குறிப்பை ஏற்றி, மற்ற குரல்களை அடக்கிவிட்டு, டெனர் வரியை மட்டும் ஒலிக்கோப்பாக்கி டெனர்களுக்கும், ஆல்டோ வரியை ஆல்டோக்களுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பேருந்தில் போகும்போதும் சமையல் செய்யும்போதும் கேட்டுவிட்டு வருகிறார்கள். அந்த மென்பொருள் முற்றிலும் இலவசம். அதே பெயரில் உள்ள பகிர்வுத் தளத்தில் குறிப்புகளைப் பதிவிறக்கத்தான் பெரும்பாலும் சந்தா கேட்பார்கள். இரண்டையும் ஒன்றென்று எண்ணிப் பணம் கட்டிவிட வேண்டாம்.

இனி என் மனத்துக்கு மிக நெருக்கமான, என்னை மிகவும் வருத்துகிற பகுதிக்கு வருகிறேன். கீர்த்தனை பிறந்து வளர்ந்த மண் இது. மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரின் மாணவரும் சரபோஜி மன்னரின் காலத்தவருமான வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தஞ்சையில் இருந்துதான் பாடினார். கருணாமிர்த சாகரம் என்ற இசை நூலை 1917-ல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் வாழ்ந்ததும் தஞ்சையில்தான். அப்படிப்பட்ட மண்ணின் கீர்த்தனை ஒன்றுக்கு இணையத்தில் ஸ்வரக்குறிப்பு தேடினால், பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கிறது. பாடல் வரிகள் நூறு தளங்களில் கிடைக்கும், ஸ்வரம் கிடைக்காது. கிடைக்கும் ஒலிப்பதிவுகளிலும் பல, சினிமா மெட்டின் சாயலில் திருத்தப்பட்டவை.

இதற்கு நாங்கள் கண்ட வழி, கீர்த்தனைப் புத்தகத்தில் பாடலின் தலையில் அச்சிட்டிருக்கும் இரண்டு சொற்களை மதிப்பது. மோகனம், ஆதி என்றோ, செஞ்சுருட்டி, சாபு என்றோ அங்கே இருக்கும். எல்லோரும் அதைத் தாண்டிப் போய் முதல் வரியைத் தேடுகிறார்கள். நாங்கள் முதலில் இராகத்தின் பெயரைத் தேடி, இசை ஆசிரியர்கள் தொடக்க மாணவர்களுக்காகப் பதிவிட்டிருக்கும் ஆரோகண அவரோகணத்தையும் (ஸ்வரங்களின் ஏறுவரிசை, இறங்குவரிசை) எளிய கீதம் ஒன்றையும் கேட்கிறோம். அரைமணி நேரம் அதைப் பாடிய பிறகு கீர்த்தனையைக் கேட்டால், நான்கு பதிவுகளில் எது இராகத்தை விட்டு விலகுகிறது என்று காதே சொல்லிவிடும்.

பாடலின் கார்டுகளை (சேர்த்து வாசிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) தானாகக் கண்டுபிடித்துத் தரும் தளங்களை நம்பி நாங்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். மோகனத்தில் மத்யமமும் (ம) நிஷாதமும் (நி) கிடையாது. ச, ரி, க, ப, த ஐந்தே ஸ்வரங்கள். ஒரு கட்டை சுருதியில், அதாவது சி ஸ்கேலில், எங்கள் கீபோர்டு தம்பி அந்தத் தளம் சொன்னபடி எஃப் மேஜரும் ஜி மேஜரும் வாசித்தார். எஃப் மேஜரில் மத்யமம் இருக்கிறது. ஜி மேஜரில் நிஷாதம் இருக்கிறது. பாடுகிறவர்கள் விலக்கிய இரண்டு ஸ்வரங்களையும் கீபோர்டு மாறிமாறி உள்ளே கொண்டுவந்தது. இராகத்துக்குள் முழுமையாக அடங்குபவை சி மேஜரும் ஏ மைனரும்தான். மற்ற இடங்களில் ரி, ப, த என்ற மூன்றையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன். வேறு சில இடங்களில் சுருதியை மட்டும் பிடித்து வைத்திருக்கச் சொன்னேன். “அண்ணே, கை சும்மா இருக்கிற மாதிரி இருக்கு” என்று தயங்கியவர், இரண்டாம் முறை வாசித்தபோது தானே தலையசைத்தார். மிஸ்ர சாபுவிலும் இதே கதைதான். கீபோர்டில் உள்ள தாள வகைகள் பெரும்பாலும் நான்கிலும் மூன்றிலும் அமைந்தவை. ஏழு அட்சரம் கொண்ட தாளத்தை அவற்றில் ஏற்றினால் பாட்டு ஒவ்வோர் ஆவர்த்தனத்திலும் தடுமாறும். தாள இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கைப்பேசியில் உள்ள இலவச மெட்ரோனோம் செயலியில் மூன்றும் நான்குமாகப் பிரித்த ஏழை வைத்துக்கொண்டு தபேலாவைப் பழக்கினோம்.

ஆனாலும் சில மெட்டுகள் எந்தத் தளத்திலும் இல்லை. எங்கள் சபையில் எண்பது வயதைக் கடந்த பாட்டியம்மா ஒருவர் இருக்கிறார். அறுப்பின் பண்டிகைக்காக ஒரு கீர்த்தனையைப் பயின்றுகொண்டிருந்தோம். ஆலயத்தைப் பெருக்கிவிட்டு வாசற்படியில் அமர்ந்திருந்தவர், எங்களை நிறுத்தி, “தம்பி, அந்த எடத்துல எறங்கிப் போகணும், நீங்க ஏறிப் போறீங்க” என்றார். பாடிக் காட்டச் சொன்னேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை அவருக்கு முன்னால் பெஞ்சின் மேல் வைத்தோம். குரல் நடுங்கியது, சுருதி நடுங்கவில்லை. நான்காம் சரணத்தின் இறுதியில் அவர் போட்ட சிறு சங்கதி (மெட்டின் நெளிவு) ஒன்று, நாங்கள் கேட்ட எந்தப் பதிவிலும் இல்லை. தம் தகப்பனார் ஆர்மோனியம் வாசித்துச் சொல்லிக்கொடுத்தது என்றார். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை அவரோடு அமர்ந்து பதிவு செய்கிறோம். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் பாடல் எண், இராகம், தாளம், சுருதிக் கட்டை, பாடிய தேதி ஆகியவற்றைத் தவறாமல் இடுகிறோம். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் நமக்கே அடையாளம் தெரியாது.

புதிய ஆராதனைப் பாடல்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வரிகளும் கார்டுகளும் எளிதில் கிடைக்கின்றன. கவனிக்க வேண்டியது சுருதி ஒன்றுதான். பதிவில் பாடும் பாடகருக்கு ஏற்ற உயரம் சபை மக்களுக்கு ஏறாது. அதைக் குறைக்கும்போது கீபோர்டு, சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிட்டுப் பழைய கார்டுகளையே வாசிக்க, கிட்டார் தனியே அலையும். குழுவுக்கு ஒரே தாள் இருக்க வேண்டும். எஃப் ஸ்கேல் என்று முடிவானால் கிட்டார் மூன்றாம் கட்டத்தில் கேப்போ (கம்பிகளை அழுத்தும் கிளிப்) வைத்து டி வடிவங்களை வாசிக்கட்டும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுகிறோம். கடினமான இடங்களை யூடியூபின் வேக அமைப்பில் 0.75-க்குக் குறைத்துக் கேட்கலாம். வேகம் குறைந்தாலும் சுருதி மாறாது.

திரையில் வரிகளைக் காட்ட ஓப்பன் எல்பி என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பாடல்களை அதில் அப்படியே ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றித் தரும் பக்கங்கள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. மாற்றிய பின் ஒருமுறை எழுத்தெண்ணிப் படிப்பது அவசியம். ஒரு துணைக்கால் விடுபட்டாலும் சபை முழுவதும் அப்படியே பாடிவிடும்.

உரிமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆம் பிரிவு, உண்மையான சமயச் சடங்கின்போது ஒரு பாடலைப் பாடுவதையோ வாசிப்பதையோ மீறலாகக் கருதுவதில்லை. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த பாடல்களுக்குக் காப்புரிமையே முடிந்துவிடுகிறது. சாஸ்திரியாரின் பாடல்களை அச்சிடவும் பதிவு செய்யவும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஆராதனையை நேரலையில் வெளியிடுவது வேறு விஷயம். ஓர் ஆண்டு அறுப்பின் பண்டிகையில், இணையத்திலிருந்து எடுத்த மைனஸ் டிராக் (பாடகர் குரல் இல்லாத பின்னணி இசைப்பதிவு) ஒன்றை ஒலிக்கவிட்டுப் பாடினோம். நேரலையின் அந்தப் பகுதி முழுவதும் ஒலி நீக்கப்பட்டுவிட்டது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் சபைப் பிள்ளைகள், காணிக்கை ஏலத்தைப் பார்த்தார்களே ஒழிய பாட்டைக் கேட்கவில்லை. பாடலின் உரிமை ஒன்று, அந்த ஒலிப்பதிவின் உரிமை வேறொன்று என்பது அன்று தெரிந்தது. அதன் பிறகு டிராக் வைப்பதை விட்டுவிட்டோம். புதிய பாடலைப் பாட்டுத்தாளில் அச்சிட வேண்டுமானால் ஆசிரியருக்கு எழுதிக் கேட்கிறோம். நாங்கள் கேட்ட எவரும் இதுவரை மறுத்ததில்லை.

பாட்டியம்மாவிடமிருந்து இதுவரை 27 கீர்த்தனைகளைப் பதிந்திருக்கிறோம். அவற்றில் ஒன்பதுக்குக் குழுவின் இளைய பிள்ளைகள் இருவர் ஸ்வரம் எழுதி, மேலே ஸ்வரமும் கீழே வரியுமாகத் தட்டச்சு செய்து முடித்துவிட்டார்கள். பக்கத்துச் சபைக் குழுவினர் கேட்டதால் அவர்களுக்கும் அனுப்பினோம். அவர்கள் தங்கள் ஊர் முதியவர் ஒருவரின் மெட்டை எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள், அது சற்றே வேறாக இருக்கிறது, இரண்டையும் வைத்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறோம். லெந்து நாட்களின் (ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலத்தின்) கீர்த்தனைகளை இன்னும் தொடவில்லை. அவை நீளமானவை, சரணங்கள் அதிகம், பாட்டியம்மாவுக்கு ஒரே அமர்வில் இரண்டுக்கு மேல் பாட முடிவதில்லை. அந்தக் காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்பதால், வரும் சனிக்கிழமை முதல் பயிற்சியை ஐந்தரை மணிக்கே தொடங்குகிறோம்.