கொரோனா வார்டில் கல்லீரல் அறிக்கையோடு கழிந்த நாட்கள்

2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, ஆக்சிஜன் அளவு இறங்கிய என் அண்ணனைச் சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். எல்லோரும் நுரையீரல் ஸ்கேனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, 40-ஐ ஒட்டி இருக்க வேண்டிய கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி. 140, எஸ்.ஜி.பி.டி. 110 என ரத்த அறிக்கை வந்தது.

கல்லீரல் செல்கள் சேதமடையும்போது இந்த நொதிகள் ரத்தத்தில் கசியும் என்றும், எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் இருப்பதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது என்றும் மருத்துவர் விளக்கினார். மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிரூபினும், ரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவும் சரியாக இருந்ததால், கல்லீரல் காயப்பட்டிருந்தாலும் தன் வேலையைச் செய்கிறது என்பது அவர் கணிப்பு.

காரணத்தைப் பிரித்தறிவதுதான் கடினமாக இருந்தது. வைரஸ் தொற்று, அதனால் எழும் அழற்சி, ஆக்சிஜன் குறைவு ஆகிய மூன்றுமே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. அண்ணனுக்கோ சர்க்கரை நோயோடு கொழுப்புக் கல்லீரலும் முன்பே இருந்தது. காய்ச்சல் தொடங்கியதிலிருந்து வாய்வழி உள்ளே போன அனைத்தையும், கஷாயம், சூரணம் உட்பட, எழுதித் தரச் சொன்னார்கள். பாராசிட்டமால், அசித்ரோமைசின் ஆகியவற்றோடு சீந்தில் கஷாயமும் அந்தப் பட்டியலில் இருந்தது. சீந்தில் உட்கொண்ட ஆறு பேரின் கல்லீரல் பாதிப்பை மும்பை மருத்துவர்கள் அதே ஆண்டில் பதிவு செய்ததையும், ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்ததையும் பின்னர் படித்தேன். எங்கள் மருத்துவர் அந்த விவாதத்துக்குள் போகாமல் கஷாயத்தை நிறுத்தினார். அது சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த கேள்வி, வைரஸ் எதிர்ப்பு மருந்தான ரெம்டெசிவிர். அதை வாங்கக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் மக்கள் வரிசையில் நின்ற காலம் அது. அந்த மருந்தே நொதிகளை உயர்த்தக்கூடும் என்பதைப் பலரும் அறிந்திருக்கவில்லை. இயல்பு அளவைப்போல் ஐந்து மடங்கைத் தாண்டினால் தவிர்ப்பது நல்லது என்ற வழிகாட்டலின்படி, நாள்தோறும் ரத்தம் எடுத்துப் பார்த்தே செலுத்தினார்கள். எஸ்.ஜி.பி.டி. 190 வரை ஏறியபோது நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சினோம். அதற்கு மேல் போகாததால் ஐந்து நாள் தவணை முடிந்தது. உடலில் உறங்கும் ஹெபடைட்டிஸ் பி தொற்றை ஸ்டீராய்டு கிளறிவிடக்கூடும் என்பதால், அதைத் தொடங்கும் முன்பே அத்தொற்று இல்லை என்பதையும் உறுதி செய்திருந்தார்கள்.

வீடு திரும்பிய பின் எஸ்.ஜி.ஓ.டி. விரைவில் இறங்கியது, எஸ்.ஜி.பி.டி. மெதுவாகவே இறங்கி, 60-ஐ ஒட்டி நின்றுவிட்டது. மீதமிருப்பது கொரோனாவின் கணக்கல்ல, பழைய கொழுப்புக் கல்லீரலின் கணக்கு என்று கூறிய கல்லீரல் மருத்துவர், டானிக் எதையும் எழுதாமல், உடல் எடையையும் சர்க்கரையையும் குறைத்துவிட்டு மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொன்னார்.