கழுத்துக் கறுப்பும் பழக்குலையும்

குமரி மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் நடமாடும் மருத்துவக் குழுவில் நர்ஸாக இருக்கிறேன். 2013-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டம் இது. ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்று முழுப் பெயரைச் சொன்னால் தலைமையாசிரியர்களே முழிப்பார்கள், ஆர்.பி.எஸ்.கே. வண்டி என்றால் உடனே கேட்டைத் திறந்துவிடுவார்கள். வண்டிக்குள் டாக்டர், பார்மசிஸ்ட், நான், டிரைவர், எடை மெஷின், உயரம் அளக்கும் கோல், கண் பார்க்கும் அட்டை. அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கும் அரசு உதவிபெறும் பள்ளிக்கும் ஒரு முறை போக வேண்டும்.

திட்டம் வந்த காலத்தில் எல்லார் கவலையும் மெலிந்த பிள்ளையைப் பற்றித்தான். ரத்தசோகை, சத்துக்குறைவு, பூச்சி. அந்தக் கவலை இன்னும் தீரவில்லை. ஆனால் 2025-ல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் 5 வயதிலிருந்து 19 வயதுவரை உள்ளவர்களில் உடல் பருமனோடு இருப்பவர்கள் 9.4 சதவீதம், எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம் என்கிறது. முதல் முறையாகப் பருமன் கணக்கு மெலிவுக் கணக்கை முந்திவிட்டது. நம் ஊர்ப் பெரியவர்களின் சங்கதி அதற்கு முன்பே தெரிந்ததுதான். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் கூடுதல் எடையோடு இருந்தார்கள். பெரியவர்கள் தட்டில் விழுவதுதானே பிள்ளைகள் தட்டிலும் விழும்?

எடை மெஷினுக்கு முன்பே எனக்குச் சேதி சொல்லிவிடுவது பிள்ளையின் பிடரி. வெல்வெட்டுத் துணிபோல தடித்த ஒரு கறுப்பு, கழுத்தைச் சுற்றி, சில பிள்ளைகளுக்கு அக்குளிலும். உடலில் இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்யாதபோது தோலில் தெரிகிற அடையாளம் அது. அம்மாக்கள் அதை அழுக்கு என்றே நினைக்கிறார்கள். நாலாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மாவை வரச் சொல்லிக் காட்டியபோது அவர் முகம் சுருங்கிப்போனது. “டெய்லி பீர்க்கங்கூடு போட்டுத் தேச்சுதான் குளிப்பாட்டுகேன் சிஸ்டர், போவே மாட்டேங்குது” என்றார். தேய்த்துத் தேய்த்து அந்த இடம் சிவந்து புண்ணாகியிருந்தது. இது சோப்பால் போகாது, எடை குறைந்தால் தானாக மங்கும் என்று சொல்லி, சர்க்கரை பார்ப்பதற்காக ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். பையன் அந்த நேரம் முழுக்கத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எடையை உரக்கச் சொல்வதை எங்கள் குழுவில் அறவே விட்டுவிட்டோம். ஒருவர் படிக்க ஒருவர் எழுதுவது வேகமான முறைதான். ஆனால் “ஐம்பத்தெட்டு” என்று சத்தமாக வந்ததும் வகுப்பே சிரிக்கும். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்கு அதுதான் பெயர். கிண்டலுக்குப் பயந்து பி.டி. பீரியடில் வயிற்றுவலி என்று உட்கார்ந்துவிடும். ஓட வேண்டிய பிள்ளையை உட்கார வைத்ததுதான் மிச்சம். இப்போது மெஷினை என் பக்கம் திருப்பி வைத்து நானே பார்த்து நானே எழுதுகிறேன். வேலை கொஞ்சம் இழுக்கும், பரவாயில்லை.

சரி, வீட்டில் என்னதான் நடக்கிறது? குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். பிள்ளைக்குக் காலையில் சாயாவும் பிஸ்கட்டும்தான். கடற்கரை ஊர்களில் அப்பா கடலில் அல்லது கல்ஃபில். பள்ளி விட்டதும் கூட்டிவரப் போகும் பாட்டா வழியில் பேக்கரியில் நிற்காமல் வரமாட்டார். பப்ஸ், வெட்டு கேக், ஒரு மாம்பழ ஜூஸ் பாட்டில். வெளிநாட்டில் இருக்கும் மகன் கேட்டால் “பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கல்ல” என்று சொல்ல வேண்டுமே. ஒரு பாட்டி என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்: “நல்லா இருக்க பிள்ளையை எதுக்கு நோயாளி ஆக்குதிய?” அவர் பெற்ற பிள்ளைகள் மெலிந்து கிடந்த காலத்தை அவர் பார்த்திருக்கிறார். அவருக்குக் கொழுத்த கன்னம்தான் நிம்மதி. அந்த நிம்மதியோடு வாதாடி ஜெயிக்க முடியாது.

“பாரம்பரிய உணவுக்குத் திரும்புவோம்” என்று மேடையில் பேசுகிறவர்களோடும் எனக்குக் கொஞ்சம் பிணக்கு உண்டு. மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கும் சாளை மீன் குழம்பும் அருமையான ஜோடிதான், மறுக்கவில்லை. ஆனால் மரச்சீனி பெரும்பாலும் மாவுச்சத்து. அதைத் தின்றுவிட்டு மண்வெட்டி பிடித்த உடம்பு வேறு, டியூஷனில் உட்கார்ந்திருக்கிற உடம்பு வேறு. முந்திரிக்கொத்தும் பாரம்பரியம்தான், எண்ணெயில் பொரித்ததுதான். அதே நேரம் மட்டி வாழைப்பழம், காணம் என்கிற கொள்ளு, சிறுபயறு, பனங்கிழங்கு, அவித்த ஏத்தன் (நேந்திரன்) பழம் எல்லாம் இந்த மண்ணில் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும்போது பாக்கெட்டுக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. மட்டிப் பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. கைக்குழந்தைக்கு மசித்து ஊட்டுகிற பழம், அதே குழந்தை பள்ளிக்குப் போனதும் மறந்துபோகிறது.

ராஜாக்கமங்கலம் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் இந்தக் கேள்வியைப் பெற்றோர் கையில் எடுத்தார்கள். தலைமையாசிரியை கேட்டுக்கொண்டதால் நானும் கூட்டத்துக்குப் போனேன். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டிருக்கிறது. ஒருவர் அதைக் காட்டி, வாசலில் இருக்கிற பெட்டிக்கடையை எடுக்க மனு கொடுப்போம் என்றார். கடைக்காரம்மா தனி ஆள், வயதானவர். அந்தக் கூட்டத்தில் இருந்த பாதிப்பேர் சின்ன வயதில் அவரிடம் தேன்மிட்டாய் வாங்கித் தின்றவர்கள். மனு என்றதும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

கடைசியில் கடைக்காரம்மாவையே கூப்பிட்டுப் பேசினார்கள். அவர் சொன்ன கணக்கு எல்லாரையும் உட்கார வைத்தது. பாக்கெட் சரம் மாதக்கணக்கில் தொங்கும், கெடாது. விற்காததை ஏஜென்ட் மாற்றித் தருவார். பழக்குலை மூன்றாம் நாள் கறுத்துவிடும், நஷ்டம் முழுக்க அவருக்கு. ஓணம் நெருங்கினால் ஏத்தன் குலை விலை தொட முடியாது. அஞ்சு ரூபாயோடு வருகிற பிள்ளைக்கு அவர் எதைக் கொடுப்பார்? “நான் விக்காட்டா வளைவுல இருக்க பேக்கரிக்குப் போவும், ரோட்டைக் கடந்து. அது சம்மதமா?” என்றும் கேட்டார்.

அப்புறம்தான் பேச்சு உருப்படியானது. மகளிர் குழு பெண்கள் சிலர் காலையில் அவித்த கடலை, பயறு, சுண்டல், கொழுக்கட்டை சிறிதளவு செய்து கடையில் வைப்பது, விற்றதற்கு மட்டும் காசு வாங்குவது. பாக்கெட் சரத்தை முன்னாலிருந்து எடுத்து உள்ளே மாட்டுவது, அந்த இடத்தில் பழக்குலை. மிஞ்சிய பழத்துக்கு என்ன வழி என்ற கேள்விக்கு, பக்கத்து டீக்கடைக்காரர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எதற்கு என்று கேட்டால் பழம்பஜ்ஜி போட. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் கடைக்காரம்மா சம்மதித்திருக்க மாட்டார்.

பாக்கெட் முற்றாக ஒழிந்ததா என்றால் இல்லை, கேட்கிற பிள்ளைக்கு உள்ளேயிருந்து எடுத்துக் கொடுக்கிறார். ஆனாலும் கண்ணில் முதலில் படுவதை வாங்குகிற பிள்ளைகள்தான் அதிகம்.

அதே பள்ளியில் அறிவியல் ஆசிரியை ஒரு வேலை செய்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காலி குளிர்பானப் பாட்டில்களைக் கொண்டுவரச் சொல்லி, லேபிளில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று படிக்க வைத்தார். பத்தரை கிராம் அளவில் இருந்தது ஒன்று. 250 மில்லி பாட்டிலுக்குக் கணக்குப் போட்டு, ஆய்வகத் தராசில் சீனியை நிறுத்துக் கண்ணாடி டம்ளரில் கொட்டினார்கள். 26 கிராம் சொச்சம். வளர்ந்த ஆள் ஒரு நாளில் 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்த ஒரு பெண்பிள்ளை “இத அப்படியே தின்னச் சொன்னா தின்னுவியால?” என்று பக்கத்துப் பையனைக் கேட்டது. நான் இத்தனை வருடம் பேசிய பேச்சைவிட அந்தக் கேள்விக்கு வலு அதிகம்.

காலை உணவுத் திட்டத்தையும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கி, 2024-ல் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமாவிலும் கிச்சடியிலும் கிடக்கிற கேரட்டைப் பொறுக்கி ஓரம் வைக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் வயிறு நிறைந்த பிள்ளை ஒன்பது மணிக்குக் கடைமுன் நிற்பதில்லை என்று ரப்பர் ஏரியா டீச்சர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

ஒரு குறை மட்டும் மனதை அரிக்கிறது. வீட்டு வாசலில் வேன் ஏறி, பள்ளி வாசலில் இறங்கி, கேன்டீனில் நூடுல்ஸ் தின்று, டியூஷன் முடிந்து இருட்டிய பிறகு வீடு வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் தனியார் பள்ளிகளில்தான் இருக்கிறார்கள். எங்கள் வண்டி அங்கே போகாது, திட்டத்தில் அவர்கள் இல்லை. அவர்கள் பிடரியை யார் பார்ப்பது?

அவர்களையும் சேர்த்துப் பார்க்கக் கிடைக்கிற ஒரே இடம் எனக்குக் கோயில், அதாவது சர்ச்தான். எங்கள் பங்கில் எந்தப் பள்ளிப் பிள்ளையானாலும் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி என்கிற வேதபாட வகுப்புக்கு வந்தாக வேண்டும். வகுப்பு முடிந்ததும் கொடுக்கிற கிரீம் பிஸ்கட்டை நிறுத்தி ஆளுக்கொரு பழம் கொடுக்கலாமா என்று கேட்டதும் சரி என்றுவிட்டார்கள். அந்தப் பேச்சு அப்படியே அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற எங்கள் அன்பியக் கூட்டத்துக்கும் பரவி, போன முறை ஜெபம் முடிந்து வடைக்குப் பதிலாகக் காணச் சுண்டல் வந்தது. பிள்ளைகள் பேசாமல் தின்றார்கள். முணுமுணுத்தவர்கள் எல்லாம் நாற்பது தாண்டிய ஆண்கள். “பிள்ளைகளுக்குத்தானே சொன்னிய, எங்களுக்கு எதுக்கு வடையை நிறுத்துனிய?” என்று ஒருவர் என்னையே கேட்டார். வடையை நிறுத்தியது நானில்லை, அன்பியத் தலைவி. அவரிடம் போய்க் கேளுங்கள் என்றேன். இன்னும் கேட்கவில்லை போலிருக்கிறது.